இரட்டைக்குழல் எஸ்தரின் முறை

ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் ஏழு கோபுர நாட்டில் துப்பாக்கி என்பதே கிடையாது என்று சொல்ல வாயெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேக்கரியின் மாடிப்படியில் கனத்த பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. கணுக்கால்வரை தொங்கும் தவிட்டு நிறக் கோட்டும், இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு கைத்துப்பாக்கியும், தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கும் வெடிமருந்து வாசமுமாக இரட்டைக்குழல் எஸ்தர் வாசலில் வந்து நின்று, ஓரம் கருகிய தொப்பியைக் கழற்றி, "அதுக்கு முன்னால எனக்கும் ஒரு பேச்சு இருக்கு, என் முறை வரும்போது சொல்லுதேன்" என்றாள்.

எஸ்தர் நிஜமான ஆள் இல்லை. எங்கள் சிப்பித்துறையில் ஞாயிறுதோறும் அந்த மாடியில் நடந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம் அது. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, நான் கதவை உடைக்கிறேன், நான் ஆற்றைத் தாண்டுகிறேன் என்பார்கள், உடைந்ததா தாண்டியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். துறைமுகத்தில் லாரி எடைபோடும் இடத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தாதான் கதை நடத்துகிறவள், அவள் சொன்னதுதான் விதி. அவள் தம்பி, செல்போன் கடை பிரிட்டோ, கதைக்குள் அக்கினிச்சித்தன் என்ற மந்திரவாதி. மூன்றாவது ஆள் முத்துவேணி.

முத்துவேணி உப்புக் கம்பெனியில், உப்பில் அயோடின் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறவள். பேசத் தெரிந்த நாளிலிருந்து ஒரு வாக்கியத்தையும் அவளாக முடித்ததில்லை, ஏனென்றால் அவள் "நான் என்ன நினைக்கேன்னா" என்று தொடங்கும்போதே வீட்டில் அம்மாவும் கம்பெனியில் சூப்பர்வைசரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரும் அவளுக்காக அதை முடித்துக் கொடுத்துவிடுவார்கள், அவளும் அதைத்தான் நினைத்ததுபோலத் தலையாட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் இந்த ஆட்டத்துக்கு வந்தபோது, வாளும் வேண்டாம் மந்திரமும் வேண்டாம் என்று, இரண்டு துப்பாக்கியோடு ஊர் ஊராகத் திரியும் ஒருத்தியை எழுதிக்கொண்டு வந்தாள்.

அன்று தொடங்கிய சண்டைதான். கோட்டையும் அகழியும் டிராகனும் இருக்கும் ஏழு கோபுர நாட்டில் துப்பாக்கி எதற்கு, அது கதையையே கெடுத்துவிடும் என்று பிரிட்டோ குதித்தான். அக்கினிச்சித்தன் தீயை எறிவதற்குமுன் எஸ்தரின் துப்பாக்கி இரண்டு முறை குரைத்துவிடுகிறது என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஆனாலும் தம்பி வாயை அடைப்பதற்காக அவள் விதிமேல் விதியாகப் போட்டாள். ஒரு முறை சுட்டால் அடுத்த முறை முழுக்கக் குழலில் மருந்து கெட்டிக்கவே போய்விடும். மழையில் மருந்து நனைந்துபோகும். பகடையில் ஒன்று விழுந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். ஒருமுறை சிக்கிய துப்பாக்கிக்கு மறுபடியும் ஒன்று விழுந்தால் குழல் வெடித்து, பிடித்திருப்பவள் ஆட்டத்தைவிட்டே போய்விடுவாள். தாயம் ஆடி வளர்ந்த ஊர் எங்களுடையது; ஒன்று விழுந்தால் கெட்டது என்று கேட்டபோது முத்துவேணிக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிரிட்டோவுக்கோ இவ்வளவும் போதவில்லை. துப்பாக்கியை அடியோடு எடு என்றான். எடுத்துவிடலாம் என்று ஜெசிந்தா வாய் திறந்தபோதுதான் எஸ்தர் படியேறி வந்தது.

யாரும் எழுந்து ஓடவில்லை. "கீழ இப்பத்தான் தரை துடைச்சாங்க, பூட்ஸைக் கழட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்றான் பிரிட்டோ. "முதல்ல உக்காருங்க" என்றாள் ஜெசிந்தா. எஸ்தர் உட்காரவில்லை, அசையவும் இல்லை. என்ன இது என்று கேட்கப் பிரிட்டோ வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. ஜெசிந்தா நாற்காலியை இழுக்கப் போனாள், கை நகரவில்லை. அப்போதுதான் மூன்று பேருக்கும் விளங்கியது: எஸ்தர் வந்தபோது ஆட்டத்தின் முறையும் கூடவே வந்துவிட்டது. அவள் குரல் கேட்கும் தூரத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு காரியம், அல்லது ஒரு வாக்கியப் பேச்சு. எல்லாரும் ஒன்று முடித்தபிறகுதான் யாருக்கும் இரண்டாவது. மூச்சுவிடலாம், கண் சிமிட்டலாம், அவ்வளவுதான். மூன்று ஜோடிக் கண்ணும் முத்துவேணி பக்கம் திரும்பின. தன் வாயையே எல்லாரும் பார்ப்பது அவளுக்குப் பிறந்து முதல் அனுபவம், காது மடல்வரை சிவந்துபோய், "டீ குடிக்கியளா?" என்றாள்.

"குடிக்கேன்" என்றாள் எஸ்தர். கோட்டும் தொப்பியும் எந்த நாட்டுடையதோ, பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான், முத்துவேணி எழுதிய வாய் அல்லவா? முகத்தைப் பற்றி அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை, அதனால் எஸ்தருக்கு எங்கேயோ பஸ்ஸில் பார்த்ததுபோன்ற ஒரு முகம் இருந்தது. டீ வந்து, பன் வந்து, முறை நிதானமாகச் சுற்றி வந்து, கடைசியில் அவள் சொல்லவந்ததைச் சொன்னாள்: "என்னை எடுக்கிறதுன்னா எடுங்க, நான் வேண்டாங்கல, ஆனா அதுக்கு முன்னாடி உங்க ஊரை ஒரு தடவை சுத்திப் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் அவள் எங்கள் தெருவுக்கு இறங்கி வந்தாள். முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் எல்லாம் நின்றுபோனது. சாலையைக் கடக்கப் பாதி வழியில் அவள் முறை முடிந்து அப்படியே நிற்க, டிரைவர் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு இரண்டாவது முறை அடிக்க முடியாமல் திணற, கடைசியில் கண்டக்டருக்குத்தான் சூட்சுமம் பிடிபட்டது, "எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு பண்ணுங்கய்யா!" என்று அவர் கத்த, ஒருவர் இருமினார், ஒருவர் ஜன்னலைச் சாத்தினார், ஒரு அம்மாள் வாழைப்பழத்தை உரித்தாள், எஸ்தர் இன்னொரு எட்டு எடுத்துவைத்தாள், பஸ்ஸும் ஒரு எட்டு நகர்ந்தது. இரண்டாம் நாள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் இடையில் புகுகிறவர்களின் கால் அவர்களை அறியாமல் பின்னால் போனது. கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, சபையில் எல்லாரும் ஒருமுறை இருமியோ நெளிந்தோ முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்த நேரத்தில் யோசித்துப் பார்த்து, தான் சொல்லவந்தது மொத்தமே அந்த ஒரு வாக்கியம்தான் என்று கண்டுகொண்டு, ஆசீர்வாதம் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். மீன் ஏலக்காரர்கள்தான் பாவம், ஒரு விலை சொல்லிவிட்டு அடுத்த விலைக்கு முறை கரை முழுக்கச் சுற்றி வரவேண்டியிருந்ததால், "எஸ்தரக்கா, ஏலம் முடியுத மட்டும் அந்தப் பக்கம் போய் ஒரு சோடா குடிச்சிட்டு வாங்களேன், புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுக் கேட்டார்கள், அவளும் போனாள். கல்யாணம் பேசுகிற வீடுகளிலோ அவளை வலிய அழைத்து நடுவில் உட்கார வைத்தார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு தடவை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ள, பெண்ணே தன் முறையில் "எனக்கு இந்த மாப்ளைய பிடிக்கல" என்று சொல்லி முடித்து நிம்மதியாக முறுக்கைக் கடித்த வீடும் உண்டு. மகாராஜா ஃபேன்சி ஸ்டோரில் இருபது முகப் பகடை விற்றுத் தீர்ந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போடும் தொம்மை அண்ணாச்சி, நல்ல காய்ந்த மருந்தாக ஒரு பொட்டலம் கட்டி எஸ்தர் கையில் கொடுத்து, "நனையாம பாத்துக்க தாயி" என்றார்.

இப்படியே போயிருக்கும், ஐஸ் பேக்டரிப் பூட்டு மட்டும் இல்லையென்றால். சாவி கடலில் விழுந்துவிட்டது, வெளியே கூடைகூடையாகச் சீலா மீன் வெயிலில் கிடக்கிறது, பூட்டோ யானைக்காது அளவு. நான் சுட்டுத் திறக்கிறேன் என்றாள் எஸ்தர். அவள் சுடவேண்டுமென்றால் முத்துவேணிதான் பகடையை உருட்டவேண்டும், அதனால் அவளைக் கம்பெனியிலிருந்து கூட்டி வந்தார்கள், வெள்ளைக் கோட்டோடு வந்து உருட்டினாள், ஒன்று விழுந்தது. டொக். வலது கைத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. பூட்டைப் பிறகு யாரோ கடப்பாரையால் நெம்பித் திறந்துவிட்டார்கள். ஆனால் ஊரில் துப்பாக்கி ஒன்று சுடப் பார்த்தது என்ற செய்தி, எங்கள் இன்ஸ்பெக்டர் சங்கரகோமதியின் காதுக்குப் போய்விட்டது.

சங்கரகோமதி கெட்டவள் இல்லை, காரியக்காரி. ஜீப்பை டீக்கடை முன்னால் நிறுத்தி இறங்கி வந்து, "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

எஸ்தர் கோட்டுப் பையிலிருந்து, முத்துவேணி பென்சிலில் எழுதிய தாளை எடுத்துக் கொடுத்தாள். பலம் பன்னிரண்டு, சாமர்த்தியம் பதினெட்டு, பயம் கிடையாது, கடல் தாண்டி வந்தவள் என்று அதில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, டீக்கடைக்காரர் பாய்லரைத் திறக்க, பக்கத்தில் நின்றவர் பீடியைக் கீழே போட, முறை தன்னிடம் திரும்பி வரும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "இது என் சர்வீஸ் ரெக்கார்டை விட நல்லாத்தான் இருக்கு, ஆனா லைசென்ஸ் ஆகாது, நாளைக்குச் சாயங்காலம் கடற்கரையில சிக்கின அந்தத் துப்பாக்கியால ஒரு குண்டு சுட்டுக் காட்டணும், சுட்டுதுன்னா நிஜத் துப்பாக்கி, ரெண்டையும் வாங்கி உள்ள வைப்பேன், சுடலைன்னா பொம்மை, நான் என் வேலையைப் பாத்துக்கிட்டுப் போறேன்."

முத்துவேணி அன்று சாயங்காலம் ஜெசிந்தாவின் லாரி எடைமேடைக்கே ஓடினாள். சுட்டால் துப்பாக்கி போய்விடும், துப்பாக்கி இல்லாத எஸ்தருக்கு ஆட்டத்தில் ஒரு காரியமும் செய்ய முடியாது. மறுபடி ஒன்று விழுந்தாலோ குழல் வெடித்து எஸ்தரே போய்விடுவாள். அக்கா, நான் என்ன நினைக்கேன்னா, என்று அவள் தொடங்க, பக்கத்தில் எஸ்தர் இல்லாத குறைதான், "துப்பாக்கி விதியையே எடுத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்லைன்னுதானே நினைக்க?" என்று, அக்காவைப் பார்க்க வந்திருந்த பிரிட்டோ முடித்துவைத்தான். ஜெசிந்தா அடுத்த லாரியின் எடையைக் குறிக்கத் திரும்பிக்கொண்டாள். முத்துவேணி வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, ஆட்டிய தலையோடு வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடற்கரையில் ஊரே கூடியது. மணலில் ஒரு கட்டைமேல் மண்பானையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பழகிப்போன கூட்டம் இல்லையா, தானாகவே தெற்கிலிருந்து வடக்காக வரிசை போட்டு நின்றது, பேச்சும் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொருவராக நகர்ந்து வந்தது. எங்கள் ஊர் தேர்தலுக்கும் குடிதண்ணீருக்கும்கூட அத்தனை அக்கறையாகப் பேசியதில்லை. "உப்புக் காத்துல மருந்து பாதி நேரம் நமுத்துத்தான் கிடக்கும், அந்த விதி சரிதான்" என்றார் தொம்மை அண்ணாச்சி. "கெட்டிக்க ஒரு முறை முழுக்க எதுக்கு, கை பழகினவளுக்குப் பாதி போதும்" என்றார் டெய்லர். "டிராகனை மட்டும் சுடலாம், மனுசனைச் சுடக்கூடாதுன்னு ஒரு விதி வைங்க" என்றார் ஃபாதர். "துப்பாக்கி வந்தா அப்புறம் கோட்டை எதுக்கு, ராஜா எதுக்கு, எல்லாம் போச்சு" என்றான் பிரிட்டோ. "ரெண்டு துப்பாக்கி வச்சிருக்கவ ரெண்டையும் ஒரே நேரத்துல சுடலாமா?" என்று பஸ்ஸில் வாழைப்பழம் உரித்த அம்மாள் கேட்டாள், அது நல்ல கேள்வி என்று பக்கத்தில் நின்றவர் தன் முறையை அதற்கே செலவழித்தார். ஜெசிந்தா தன் முறை வந்தபோது, "வேணி உருட்டுறதைப் பாத்துட்டு முடிவு சொல்லுதேன்" என்றாள். "சுடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். எஸ்தர் துப்பாக்கியை உயர்த்திப் பானைக்கு நேராகப் பிடித்தாள்.

மிச்சம் இருந்தது முத்துவேணியின் முறை.

அவள் கையில் பகடை இருந்தது. உருட்டவில்லை. பேசவும் இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். இத்தனை நாள் அவள் பேசாமல் இருந்த இடத்தில் யாராவது வந்து பேசி நிரப்பிவிடுவார்கள். இன்றைக்கு நிரப்ப ஒருவராலும் முடியவில்லை, ஏனென்றால் எல்லாருடைய முறையும் தீர்ந்துபோயிருந்தது. பிரிட்டோவுக்குத் தும்மல் வந்து மூக்கு நுனியில் நின்றது. டெய்லர் தலையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, விரட்ட ஆளில்லாமல், அங்கேயே சிறகைக் கோதிக்கொண்டது. கடல் ஏறத் தொடங்கி இன்ஸ்பெக்டரின் பளபளத்த பூட்ஸுக்குள் புகுந்தது. மொத்தச் சிப்பித்துறையும் தன் ஒரு வாய்க்காகக் காத்து நிற்கிறது என்பது முத்துவேணிக்கு மெதுவாக உறைத்தது, உறைத்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை, அடிவயிற்றிலிருந்து ஏதோ சோடாபோலப் பொங்கிக்கொண்டு வந்தது, இன்னும் கொஞ்சம் காக்கவைத்துப் பார்த்தாள், ஃபாதரைப் பார்த்தாள், கூட்டத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அதன்பிறகு, ஒரு முறைக்கு ஒரு வாக்கியம் என்றுதானே விதி, வாக்கியம் எவ்வளவு நீளம் என்று விதி இல்லையே என்று கண்டுகொண்டு, வாயைத் திறந்தாள்:

"ஜெசிந்தாக்கா, பிரிட்டோ கையை வீசினா ஒரு வயக்காடு அளவுக்குத் தீ பறக்குது, அது என்னைக்காவது அவன் கையிலேயே வெடிச்சிருக்கா, மழை பெஞ்சா அவன் மந்திரம் நனைஞ்சிருக்கா, நாக்கு குழறி அவன் தாடி கருகியிருக்கா, கிடையவே கிடையாது, ஆனா எஸ்தருக்கு மட்டும் மருந்து நனையும், குழல் சிக்கும், வெடிச்சு ஆளே போகணும், ஏன்னா மந்திரம் பழசு, துப்பாக்கி புதுசு, புதுசா ஒருத்தி வந்தா அவளுக்கு மட்டும் ஆயிரம் விதி, நான் மந்திரத்தை நிறுத்தச் சொல்லல, துப்பாக்கிக்குச் சலுகையும் கேக்கல, ஒண்ணு விழுந்தா வாளுக்கும் வில்லுக்கும் மந்திரத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒண்ணாவே விழட்டும், ஆனா ஒண்ணு விழுந்ததுக்காக யாரும் சாக வேண்டாம், அசடு வழிஞ்சா போதும், இன்ஸ்பெக்டர் மேடம், அதுக்கப்புறமும் நீங்க அதைப் பிடுங்கணும்னா பிடுங்கிக்கோங்க, ஆனா அவ பேரே இரட்டைக்குழல் எஸ்தர், ரெண்டையும் எடுத்துட்டா அவளை நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்!"

வாக்கியம் முடிந்தது. முறை சுற்றிக்கொண்டு கிளம்பியது. பிரிட்டோ முதலில் தும்மினான், டெய்லர் காக்கையை விரட்டினார், முத்துவேணியின் அம்மா தன் முறையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெசிந்தாவின் முறை வந்தது. தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, அப்படியே" என்றாள். கதை நடத்துகிறவள் சொன்னால் அது விதி. அந்த நொடியில் கடற்காற்றே கொஞ்சம் இளகியதுபோல எங்களுக்குப் பட்டது. இன்ஸ்பெக்டர் தன் முறைக்குப் பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டினாள். முத்துவேணி பகடையை ஈர மணலில் உருட்டினாள்.

ஒன்று.

"தாயம்!" என்று கூட்டத்தில் யாரோ தன்னை மறந்து கத்தினார்கள். எஸ்தர் விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. குழலிலிருந்து புஸ்ஸென்று குண்டுச்சட்டி கவிழ்ந்ததுபோல ஒரு கரும்புகை கிளம்பி, பானையைத் தொடாமல், நேராகத் திரும்பி வந்து இன்ஸ்பெக்டரின் முகத்திலும் எஸ்தரின் முகத்திலும் அப்பிக்கொண்டு போனது, நான்கு வெள்ளை விழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எங்களுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிப்பதற்கும் முறை உண்டு அல்லவா, தெற்குக் கோடியில் தொம்மை அண்ணாச்சி தொடங்க, அடுத்தவர், அடுத்தவர் என்று சிரிப்பு ஒவ்வொரு ஆளாகத் தாவித் தாவி, ஒல்லிச் சிரிப்பும் தடித்த சிரிப்பும் கீச்சுச் சிரிப்புமாக, வலையில் மிதவைகள் வரிசையாக எழும்புவதுபோல வடக்குக் கோடிவரை போய், அங்கிருந்து மறுபடி திரும்பி வந்தது. பிரிட்டோ அவன் முறையில் விழுந்து புரண்டு சிரித்தான், அக்கினிச்சித்தனுக்கும் இனி இதே கதிதான் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை. இன்ஸ்பெக்டர் சங்கரகோமதி கைக்குட்டையால் மூக்கை மட்டும் துடைத்துவிட்டு, "இது சுடவும் இல்ல, சுடாமலும் இல்ல, துப்பாக்கிக் கணக்குல வராது, திருவிழா வேட்டுக் கணக்குல வரும், கோயில் பெர்மிட்டுல சேத்துக்கோங்க" என்றாள். சொன்னபிறகுதான் அவள் முறைக்குரிய சிரிப்பு அவளுக்கு வந்தது, ஜீப்பில் ஏறியும் அது நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு பேக்கரி மாடியில் ஆட்டம் நடந்தது. அக்கினிச்சித்தனுக்கு முதல் உருட்டிலேயே ஒன்று விழுந்து, தீக்குப் பதில் அவன் கையிலிருந்து நாலு கோழிக்குஞ்சுகள் குதித்து ஓடின என்று ஜெசிந்தா சொன்னாள், பிரிட்டோ மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டு, அந்தக் கோழிக்குஞ்சுகளுக்குப் பேர் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அப்போதுதான், நாலாவது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த எஸ்தர், தன் முறையில், "நானும் ஆடலாமா?" என்று கேட்டாள்.

"ஆடுங்க, என்ன ஆளா வாரிய?" என்றாள் ஜெசிந்தா, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி.

எஸ்தர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். "பேரு கோமளவல்லி. கரண்ட் ஆபீஸ்ல பில் வாங்குற கவுண்டர்ல வேலை. காலையில ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டணும். ஒரு ஸ்கூட்டர் இருக்கு."

"எதிரி யாரு?" என்று கேட்டாள் முத்துவேணி.

"எட்டரை மணி" என்றாள் எஸ்தர்.

ஜெசிந்தா கதையைத் தொடங்கினாள். திங்கள்கிழமை காலை, இட்லி ஆறிவிட்டது, தெருவில் தண்ணீர் லாரி குறுக்கே நிற்கிறது, ஸ்கூட்டரை உதைக்கவேண்டும். "உருட்டுங்க, பத்துக்குக் கீழே விழுந்தா வண்டி கிளம்பாது, மேனேஜர் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாரு" என்றாள். டிராகனின் குகைக்குள் சீட்டியடித்துக்கொண்டே போனவளுக்கு முகம் வெளிறிவிட்டது, உள்ளங்கையைக் கோட்டில் துடைத்தாள், பகடையை இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கினாள், உருட்டினாள், அது மேசையின் ஓரம்வரை ஓடி, விழப்பார்த்து, விழாமல் நின்றது.

பதினாறு.

"கிளம்பிருச்சு!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எப்படி ஒரே நேரத்தில் கத்த முடிந்தது என்று யாரும் யோசிக்கவில்லை, எஸ்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெறும் காற்றில் இரண்டு கைப்பிடியையும் பிடித்து, வலது மணிக்கட்டை முறுக்கி, தண்ணீர் லாரியைத் தாண்டி, பால்காரரைத் தாண்டி, பள்ளிக்கூட வேனைத் தாண்டி, முந்தானை பறக்க, சிக்னலில் பச்சை விழ, போய்க்கொண்டே இருந்தாள்.